14 மாத வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் தேவையா?

உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறீர்கள். கட்டி முடித்து 14 மாதம். முதலில் குடிவந்தவர்களே விற்கிறார்கள். வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்கிற தேசிய அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யின் சான்றிதழ் இருக்கிறது, குடியேறலாம் என்று மாநகராட்சி கொடுத்த ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் இருக்கிறது, வங்கியும் ஆள் அனுப்பி மதிப்புப் போட்டுக் கடனுக்குச் சம்மதித்துவிட்டது. "புது வீட்டுக்கு எதற்கு இன்ஸ்பெக்டர்?" என்கிறார் ஏஜென்ட். "ஒரு ஆளைக் கூட்டிப் போய்க் காட்டு" என்கிறார் உங்கள் மாமனார். சில ஆயிரம் ராண்ட் செலவு பண்ணலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்கள் மனதில் உள்ள கேள்வி இதுதான்: மூன்று பேர் பார்த்துவிட்ட வீட்டை நாலாவதாக ஒருவர் பார்த்துப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிடுங்கள், அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது புரியாமல் கூப்பிட்டால் தப்பான ஆளை, தப்பான நேரத்தில் கூப்பிட்டுவிடுவீர்கள். நான் திருச்சியில் சிவில் படித்துவிட்டு இங்கே வந்தவன். இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 19 வருடமாகக் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். வாங்குபவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் முழுநேரத் தொழில் இல்லை. விரிசல் விட்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நன்றாக நிற்கிற வீடுகளுக்கு என்னை யாரும் அழைப்பதில்லை, அதனால் என் கண்ணில் படுவதெல்லாம் கெட்டுப்போன வீடுகள்தான். இதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த மூன்று பேரையும் பார்ப்போம். வங்கியின் மதிப்பீட்டாளருக்கு ஒரே ஒரு கவலை: நீங்கள் தவணை கட்டாமல் போனால் இந்த வீட்டை விற்றுக் கடனை எடுக்க முடியுமா? அதற்குத் தெரு, அளவு, அறைகள், அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போனது, இவை போதும். ஏணி போட்டுச் சீலிங்குக்கு மேல் ஏறுவது அவர் வேலை அல்ல. அவர் எழுதுகிற அறிக்கையும் வங்கிக்குத்தான். ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் 1977ஆம் வருடத்துக் கட்டிடச் சட்டத்தின்படி வருவது. அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்களா, பொறியாளரும் எலக்ட்ரீஷியனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக் கொடுப்பார்கள். இது இல்லாத வீட்டின் பக்கமே போகாதீர்கள். ஆனால் குளியலறைத் தரை எந்தப் பக்கம் சாய்கிறது, பால்கனிக்கு வாட்டர்ப்ரூஃபிங் ஒழுங்காகப் போட்டார்களா என்பதெல்லாம் அதில் வராது.

எல்லோரும் சாய்ந்திருப்பது என்.எச்.பி.ஆர்.சி. மேல்தான். 1998ஆம் வருடத்துச் சட்டப்படி, கட்டுபவர் அங்கே பதிவானவராக இருக்க வேண்டும், வேலை தொடங்க 15 நாளுக்கு முன்பாவது அந்த வீட்டையும் அங்கே சேர்த்திருக்க வேண்டும். அஸ்திவாரம், சுவர், கூரை என்று சில கட்டங்களில் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் வந்த நாளில் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அவர் பார்த்திருப்பார். அவர் போன பிறகு கலவையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பது அந்தக் கொத்தனாருக்குத்தான் தெரியும். 2024 மே 6ஆம் தேதி ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்து 34 பேர் இறந்தார்களே, அந்தக் கட்டிடமும் என்.எச்.பி.ஆர்.சி.யில் சேர்த்ததுதான். நமக்குப் பக்கத்திலேயே டோங்காட்டில் 2013 நவம்பரில் மால் சரிந்ததே, அது வேறு கதை. வரைபட அனுமதி இல்லை, வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்ட பிறகும் கட்டினார்கள். 2 பேர் இறந்தார்கள், 29 பேருக்குக் காயம். உங்கள் வீடு இடிந்து விழும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சாதாரண குடியிருப்பு வீட்டில் வருகிற கோளாறு பெரும்பாலும் பணத்தைத்தான் தின்னும். காகிதம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு டோங்காட் ஒரு கணக்கு, காகிதத்தோடு கண்ணும் வேண்டும் என்பதற்கு ஜார்ஜ் ஒரு கணக்கு.

இப்போது உங்கள் வீட்டின் வயதுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தச் சட்டம் கட்டுபவர் தலையில் மூன்று கெடு வைக்கிறது. வரைபடத்துக்கு மாறாகச் செய்தது, மோசமான வேலை, மட்டமான பொருள், இவற்றைக் குடிவந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் அவர் சரி செய்து தர வேண்டும். கூரை ஒழுகினால் 12 மாதம். வீட்டின் கட்டமைப்பையே பாதிக்கிற பெரிய கோளாறு என்றால் 5 வருடம். இந்த நாட்கணக்கு வீட்டில் முதலில் குடியேறிய தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை. உங்கள் வீட்டுக்கு 14 மாதம். முதல் கெடு எப்போதோ முடிந்தது. கூரைக் கெடு இரண்டு மாதத்துக்கு முன் முடிந்தது. மிச்சம் இருப்பது அந்த 5 வருடத்தில் பாக்கி. அதில் சுவர் ஓதம், தூக்கிக்கொண்ட டைல், மயிரிழை விரிசல் எதுவும் வராது. அஸ்திவாரம் இறங்குவது, பாரம் தாங்குகிற சுவர் பிளப்பது, கூரையின் மரச்சட்டம் தொய்வது, இந்த மாதிரி விஷயங்கள்தான் வரும். "வாரண்டி இருக்கிறது" என்று ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற வாரண்டியில் பாதிக்கு மேல் ஏற்கனவே காலாவதி. விற்பவர் தானே கட்டிக்கொண்டவராக இருந்து, என்.எச்.பி.ஆர்.சி.யிடம் விலக்கு வாங்கியிருந்தால் வாரண்டியே கிடையாது. உங்களிடம் காட்டிய காகிதம் வீட்டைச் சேர்த்த சான்றிதழா, விலக்குக் கடிதமா என்று ஒரு முறை நன்றாகப் படித்துப் பாருங்கள். கட்டியவர் பதிவு செய்த சான்றிதழும் வீட்டைச் சேர்த்த சான்றிதழும் வேறு வேறு. பல பேர் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதும் இருப்பதாகப் பேசுவார்கள்.

நேராக பில்டரிடம் வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் வங்கி கடைசிப் பணத்தை பில்டருக்கு விடுவிக்க, உங்களிடம் "ஹேப்பி லெட்டர்" ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். வேலை எனக்குத் திருப்தி என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது அது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகை அனுப்பியாயிற்று, இந்தியாவிலிருந்து அத்தை டிக்கெட் போட்டாயிற்று, இந்த அவசரத்தில் கதவு மூடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். சரி செய்ய வேண்டிய குறைகளை ஸ்னாக் லிஸ்ட் என்று பட்டியலாக எழுதி, அதில் உள்ளதைச் செய்து முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இன்ஸ்பெக்டரைக் கூப்பிடச் சரியான நேரமும் அதுதான். 3 மாதக் கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முறை, 12ஆம் மாதத்துக்கு முன் கூரைக்காக ஒரு முறை பார்த்துவிட்டால் சரி செய்கிற செலவு கட்டுபவர் தலையில் போகும்.

உங்கள் நிலைமை வேறு. நீங்கள் தனி நபரிடம் வாங்குகிறீர்கள். ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். வாங்கிய பிறகு குறை தெரிந்தால், விற்றவருக்கு அது முன்பே தெரிந்திருந்தும் மறைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை. வீடு விற்பதையே தொழிலாக வைத்திருக்கிற டெவலப்பர் என்றால் 2008ஆம் வருடத்து நுகர்வோர் சட்டம் உங்களுக்குத் துணை வரும், தனி நபர் விற்பனையில் வராது. 2022 பிப்ரவரியிலிருந்து, விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் ஏஜென்ட் அந்த வீட்டை விற்கவே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று ஒரே வேகத்தில் டிக் போட்டிருந்தால் நான் கொஞ்சம் நின்று யோசிப்பேன். இந்தப் பத்தியில் உள்ளதை உங்கள் வக்கீலிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். நான் கட்டிடக்காரன், சட்டம் எனக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் தெரியும்.

சரி, நாலாவது ஆள் வந்து என்ன பார்ப்பார்? நல்ல ஆளாக இருந்தால் வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டார். முதல் அரை மணி நேரம் வெளியே சுற்றுவார். நம் பக்கம் எல்லாம் மேடும் பள்ளமும். சரிவில் வீடு கட்ட, மேல் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப் பக்கம் கொட்டி மட்டமாக்குவார்கள். வீட்டில் பாதி வெட்டிய நிலத்தில் நிற்கும், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண்ணைப் படிப்படியாகத் தண்ணீர் தெளித்து இறுக்கியிருந்தால் பிரச்சினை இல்லை. லாரியில் கொண்டுவந்து தள்ளிவிட்டு மேலே ரோலரை இரண்டு முறை ஓட்டியிருந்தால் அது தன் பாட்டுக்கு வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதோடு கடலோர மேடுகளில் 'பெரியா' என்று பெயர் கொண்ட சிவப்பு மணல் வேறு. காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர் உள்ளே போனதும் மணல் துகள்களுக்கு நடுவே இருக்கிற பிடிப்பு விட்டுவிடும், மேலே பாரம் இருந்தால் பொதுக்கென்று உட்கார்ந்துவிடும். மண் நல்லதா கெட்டதா என்பதைவிடத் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

டர்பன் ஃபீனிக்ஸ் பகுதிக்கு மேலே ஒரு சரிவில் இருந்த வீடு எனக்கு மறக்கவே மறக்காது. கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. சமையலறைக்கும் லவுஞ்சுக்கும் நடுவே தரை டைலில் ஒரே நேராக ஒரு கோடு ஓடியது. அந்த அம்மா அதன் மேல் ஒரு மிதியடியைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். மிதியடியை எடுத்துவிட்டு ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றேன். வெட்டிய நிலம் எங்கே முடிகிறது, கொட்டிய மண் எங்கே தொடங்குகிறது என்று காலே சொல்லிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைத் தண்ணீர் முழுவதையும் இறக்குகிற குழாய் சரியாக அந்தக் கீழ் மூலையில், சுவரை ஒட்டியே முடிந்திருந்தது. ஒரு முழம்கூட விலக்கி விடவில்லை. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். கடைசியில் அஸ்திவாரத்துக்கு அடியில் குழி குழியாகத் தோண்டித் தாங்கல் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு மீட்டர் குழாய் வாங்கி மாட்டியிருந்தால் எவ்வளவோ தப்பித்திருக்கும். வாங்குவதற்கு முன் யாராவது ஒருவர் அந்த மூலையில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தடுப்புச் சுவரும் இதே கதைதான். பின்பக்கம் மண்ணைத் தாங்கி நிற்கிற சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா, சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளுகிறதா, அதற்குப் பொறியாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் மழையில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், எத்தனையோ வீடுகள் சரிவோடு போயின. உங்கள் வீடு அந்த மழையைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கோடைக்காலத்து மழைதான் பார்த்திருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள பழைய வீடு என்றால் அறுபது வருட மழையில் தன் குறையையெல்லாம் வெளியே காட்டிவிட்டது. புது வீடு இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான். புது வீட்டுக்குப் பரிசோதனை வேண்டாம் என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

விரிசலைப் பார்த்ததும் பயந்துவிடவும் வேண்டாம். பூச்சில் வலை மாதிரி மெல்லிய கீறல்கள் இருந்தால் அது காயும்போது சுருங்கியது, பெயின்ட் அடித்தால் போகும். கால் மில்லிமீட்டருக்குக் குறைந்ததை மயிரிழை என்று விட்டுவிடுவோம். 1 மில்லிமீட்டர் வரை மிகச் சிறியது, 5 வரை பூசிச் சரி செய்யக் கூடியது, அதற்கு மேல் போனால் நான் காரணத்தைத் தேடுவேன். அகலத்தை விட அது போகிற வழி முக்கியம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி கல்லுக்குக் கல் சாய்வாக ஏறினால் அடியில் ஏதோ நகர்ந்திருக்கிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தொய்கிறது, மேலே அகலமாக இருந்தால் ஓரம் இறங்குகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்ட் மினுக்கினால் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தையும் போய்ப் பாருங்கள். இன்னொன்று, சுவரைச் சுற்றிக் கல் பதித்துப் போட்டிருக்கிற தரை, அதாவது பேவிங். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் தடுக்கப் போடுகிற டி.பி.சி. பிளாஸ்டிக், வெளித்தரையிலிருந்து 150 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். வீடு சரியாகத்தான் கட்டியிருப்பார்கள், பிறகு அழகுக்காக மண் நிரப்பிப் பேவிங் போட்டு டி.பி.சி.யை மூடிவிடுவார்கள். இரண்டு மழைக்குப் பிறகு உள்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் சீலிங்குக்கு மேலே. இங்கே ஏறாத இன்ஸ்பெக்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள். போன வருடம் ஓர் இளம் தம்பதி வாங்கி ஆறு மாதமான வீட்டில் பாத்ரூம் பக்கத்துச் சீலிங் லேசாகத் தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். டிராப் டோர் வழியாகத் தலையை நீட்டி டார்ச் அடித்தேன். கீசர் உட்கார்ந்திருந்த இடத்தில், கூரையைத் தாங்குகிற டிரஸ் என்கிற மரச்சட்டத்தின் சாய்வுக் கட்டையை ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். கீசர் உள்ளே நுழைய அது இடைஞ்சலாக இருந்திருக்கிறது. அறுத்த மரத்தூள் அப்படியே சீலிங் போர்டு மேல் குவிந்து கிடந்தது, அறுத்த முனை இன்னும் வெளுப்பாக இருந்தது. டிரஸ்ஸில் ஒவ்வொரு கட்டையும் கணக்குப் போட்டு வைத்தது. ஒன்றை எடுத்தால் அதன் பாரம் பக்கத்துக் கட்டைகள் மேல் விழும், மேலே இருப்பதோ கான்கிரீட் ஓடு. தண்ணீர் நிரம்பிய கீசரின் எடையும் அங்கேதான். கூரை அமைத்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு பிளம்பர் வந்து செய்த வேலை இது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்க்க பத்து நிமிடம், அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கீசருக்கு அடியில் தட்டு இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு குழாய் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். 2011லிருந்து கட்டிய வீடுகளில் சுடுதண்ணீரில் பாதியாவது வெறும் மின்சார எலிமென்ட் இல்லாமல் வேறு வழியில், சோலார், ஹீட் பம்ப், கேஸ் எதிலாவது, வர வேண்டும். அது இல்லை என்றால் வரைபடத்தில் காட்டியதைப் பிறகு கழற்றினார்களா என்று கேளுங்கள். வீட்டின் மின்சாரச் சுவிட்சுப் பெட்டியான டி.பி. போர்டில், மின் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். வயரிங் சரியாக இருக்கிறது என்கிற சான்றிதழ், அதாவது மின்சார சி.ஓ.சி., இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இன்வெர்ட்டர், சோலார் போட்டிருந்தால் அதற்கும் தனியாகக் காகிதம் வேண்டும். நம் மாகாணத்தில் பீட்டில் சர்டிஃபிகேட் வாங்குகிற வழக்கம் உண்டு. அது மரத்தைத் துளைக்கிற வண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. அதை வைத்துக் கூரை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்ஸ்பெக்டரால் முடியாததையும் சொல்ல வேண்டும். அவர் சுவரை உடைக்க மாட்டார், தரையைத் தோண்ட மாட்டார். அஸ்திவாரத்தில் கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு ஆழம் என்பது அவருக்கும் தெரியாது. வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து ஊகிப்பார், அனுபவம் இருந்தால் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். ஒரு விரிசலை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு அது நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. பென்சிலால் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதி, ஆறு மாதம், ஒரு மழை, ஒரு வெயில் தாண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஈரமானி காட்டுகிற எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுச் சுவரில் கட்டும்போது ஊற்றிய தண்ணீரே இன்னும் இருக்கலாம், உப்பு இருந்தாலும் எண் ஏறும். ஜூன், ஜூலையில் பார்த்தால் கூரை ஒழுகாது, ஏனென்றால் இங்கே அது குளிர்காலம், மழை குறைவு. அப்படியானால் விற்பவரிடம் அனுமதி வாங்கி, ஹோஸ் பைப்பால் சந்தேகமான இடத்தில் அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கேட்பதில் தப்பு இல்லை.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த நாட்டில் வீட்டு இன்ஸ்பெக்டர் என்று பெயர்ப் பலகை மாட்ட அரசாங்க உரிமம் எதுவும் தேவையில்லை. பொறியாளர் அப்படி இல்லை. ஈ.சி.எஸ்.ஏ. என்கிற பொறியியல் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரைக் கொடுத்து அவர்கள் தளத்திலேயே சரி பார்க்கலாம். என் யோசனை, முதலில் ஓர் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் முழு வீட்டையும் பார்க்கட்டும். அவர் கட்டமைப்பில் சந்தேகம் எழுப்பினால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஆனால் வீடு சரிவில் இருந்தாலோ, பெரிய தடுப்புச் சுவர் இருந்தாலோ நேராகப் பொறியாளரையே கூப்பிடுவது நல்லது. ஏஜென்ட் சிபாரிசு செய்த ஆள் வேண்டாம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அடுத்த வேலையும் அவருக்கு அந்த ஏஜென்ட் மூலமாகத்தான் வர வேண்டும். "இலவசமாக ஓதம் பார்க்கிறோம்" என்று வருகிறவர்களும் வேண்டாம், மருந்து விற்கத்தான் வருவார்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர் முகவரி மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். படம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் "திருப்தி" என்று எழுதியிருந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் பார்க்கிற அன்று நீங்களும் கூடவே போங்கள். அறிக்கையில் எழுதத் தயங்குகிறதை வாயால் சொல்லுவார்கள்.

கடைசியாக நேரம். இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற ஆஃபர் டு பர்ச்சேஸில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, விற்பவரும் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம். 5 நாளில் மனம் மாறலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விலை 2,50,000 ராண்டோ அதற்குக் குறைவோ என்றால்தான். உங்களுக்கு உதவாது. அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே ஒரு நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள்: இத்தனை நாளுக்குள் வாங்குபவர் தேர்ந்தெடுத்த ஆள் வீட்டைப் பார்க்க வேண்டும், அறிக்கை வாங்குபவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. வார்த்தையை உங்கள் வக்கீல் அமைக்கட்டும். விற்பவர் இதற்கு மறுத்தால் அவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அப்போது கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள், போனால் அந்தச் சில ஆயிரம் ராண்ட் போகட்டும். குறை தெரிந்தால் உடனே ஓடிவிடவும் வேண்டாம். குழாயை விலக்கி விடுவது, பேவிங்கைத் தாழ்த்துவது போன்றதை விலையில் குறைக்கச் சொல்லி நீங்களே செய்துகொள்ளலாம். நான் விலகச் சொல்லுவது இரண்டுக்குத்தான்: தரை இறங்குகிற அடையாளம், அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி.

அந்த இரண்டாவதுக்கு ஆள் தேவையில்லை, நீங்களே பார்க்கலாம். மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கார் நிறுத்தும் கூரை, வெளியே இறைச்சி சுடுகிற பிராய் இடம், பின்பக்க அறை, தடுப்புச் சுவர், இவற்றில் எது வரைபடத்தில் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு அஸ்திவாரத்துக்குப் பொறியாளர் கொடுத்த சான்றும், கூரைச் சான்றும், மண் பரிசோதனைக் காகிதமும் கேளுங்கள். மண் காகிதத்தில் ஓர் எழுத்து இருக்கும். ஆர் என்றால் பாறை, நிம்மதி. எச் என்றால் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குகிற களிமண், சி என்றால் நனைந்தால் உட்காருகிற மணல், எஸ் என்றால் பாரத்தில் அமுங்குவது, பக்கத்தில் எண் கூடக் கூடக் கவனமும் கூட வேண்டும். பி என்றால் கொட்டிய மண், சரிவு மாதிரித் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம். இந்த எழுத்துக்கு ஏற்ற அஸ்திவாரம்தான் போட்டார்களா என்பது பொறியாளர் சான்றில் தெரியும். காகிதங்கள் கைக்கு வந்ததும் அந்த எழுத்தையும், வீட்டின் கீழ் மூலையில் மழைத்தண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் போதுமா, பொறியாளரே வேண்டுமா என்று சொல்கிறேன்.